ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் கணக்கு வேண்டும்: உள்துறைச் செயலருக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலர், காவல்துறைத் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு,

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது, 2018 மே 22, 23 தேதிகளில் காவல்துறை நடவடிக்கையில் 13 பேர் இறந்தார்கள். நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டுகள் விசாரித்து, 2022 மே 18 அன்று இறுதி அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று அது சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் 17 பேர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும், வருவாய்த்துறை அலுவலர்கள் சிலர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. நான்கு பேரைப் பணியிடை நீக்கம் செய்தீர்கள். அந்தச் சாவுகளுக்காக இன்றுவரை ஒரு அதிகாரிகூடத் தண்டனை பெறவில்லை.

தாமதத்தைப் பற்றி மட்டும் சொல்வதாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இறந்தவர்களின் வீட்டார் அதை என்னைவிட அழுத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என்னை எழுத வைத்தது வேறொன்று. இத்தனை பேர் செத்து, இத்தனை பக்க அறிக்கை வந்த பிறகும், தெருவில் நடக்கும் மோதலில் காவலர் சுட்டது சரியா தவறா என்று எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு உங்கள் துறைகளிடம் பழைய பதில்தான் இருக்கிறது. நிலைமை கைமீறியது, கூட்டம் வன்முறையில் இறங்கியது, வேறு வழியில்லாமல் சுட நேர்ந்தது. மூன்று வாக்கியங்கள். ஊர் பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டால் எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் பொருந்தும். இந்த மூன்று வாக்கியங்களை இனி ஏற்க முடியாது என்று சொல்லவே இந்த மடல்.

நான் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பணிக்காலம் பெரும்பாலும் தென் மாவட்டங்களில் போயிற்று. துணை வட்டாட்சியராகவும் வட்டாட்சியராகவும் இருந்த ஆண்டுகளில், நிர்வாக நடுவர் என்ற முறையில், அதாவது சுட அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ள வருவாய்த்துறை அலுவலராக, காவல்துறையோடு பந்தோபஸ்துக்குப் போய் நின்றிருக்கிறேன். தேர்த் திருவிழா, சிலை திறப்பு, நினைவு நாள் ஊர்வலம், சாலை மறியல் எல்லாம் பார்த்தாயிற்று. கல் வந்து விழுந்த இடத்திலும் நின்றிருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அண்மையில் ஒரு கோயில் கொடை விழாவுக்குப் பந்தோபஸ்து போடப்பட்ட இளம் துணை வட்டாட்சியர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். இரண்டு தரப்புக்கும் முன்பே உரசல் இருந்த ஊர். "சார், சுடச் சொல்லி ஆர்டர் குடுக்கற மாதிரி ஆயிட்டா பேப்பர்ல என்ன எழுதணும்? எழுதினதுக்கப்புறம்தான் சுடணுமா, சுட்டுட்டு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பந்தோபஸ்து ஆணையில் பெயரும் இடமும் நேரமும் இருந்தன, அவ்வளவுதான். தூத்துக்குடிக்குப் பிறகும் ஒரு நிர்வாக நடுவர் இந்தக் கேள்வியை ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கலவரத்துக்கு நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் காவலரை எடைபோடுவது நியாயமாகாது.

1990களின் நடுப்பகுதி. தென் மாவட்டங்களில் சாதி மோதல்கள் ஓயாத காலம். ஒரு சிற்றூர்ப் பேருந்து நிறுத்தத்தில், ஆய்வாளர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுடும் ஆணை எழுத நேர்ந்தால் என்று கையில் எழுது அட்டை, வெள்ளைத் தாள், நடுவில் கார்பன். எதிரே ஒரு தரப்பு, எங்களுக்குப் பின்னால் சந்துக்குள் இன்னொரு தரப்பு. முதல் கல் ஒரு டீக்கடையின் தகரக் கூரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தைத் துப்பாக்கிச் சத்தம் என்றே நினைத்தேன். எனக்கு இடப்பக்கம் நின்ற காவலரும் அப்படித்தான் நினைத்தார். மூன்று பேர் சட்டென்று துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து வந்த கற்கள் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை. புழுதி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் கையில் எதையோ ஓங்கியபடி ஓடி வந்தார். அரிவாள் என்று ஒரு காவலர் கத்தினார். கிட்டே வந்தபோது பார்த்தால் அது ஒரு பையன், ஏழெட்டு வயது இருக்கும். மிரண்டு போன தன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அந்த மனிதர் எங்கள் பக்கம் அடைக்கலம் தேடி ஓடி வந்திருக்கிறார்.

ஆய்வாளர் சுட விடவில்லை. "யாரும் துப்பாக்கிக் குதிரையைத் தொடக் கூடாது, நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே முன்னால் போய் நின்றார். ஒரு கல் அவர் தோளில் பட்டது. கண்ணீர்ப்புகைக் குண்டு இரண்டு போட்டார்கள், பிறகு லத்தி. கூட்டம் கலைந்தது. என் தாள் வெள்ளையாகவே இருந்தது. நடந்ததெல்லாம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் காது அடைத்துக்கொண்டது, ஓரக்கண்ணில் எதுவும் தெரியவில்லை, எதிரே இருந்த ஒரு முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே, அந்த மூன்று காவலர்களில் ஒருவர் அந்த மனிதரைச் சுட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அது ஒரு கொடுந்துயரம். அதைக் கொலை என்று சொல்ல என் நா எழுந்திருக்காது. தற்காப்புரிமையைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அரை நொடியில் ஒருவர் எடுத்த முடிவை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் அப்படியே எடைபோட்டுவிட முடியாது. சுட்டவர் அந்த நொடியில் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார், அவர் இடத்தில் நிதானமான இன்னொரு காவலர் இருந்தால் என்ன செய்திருப்பார் என்றுதான் பார்க்க வேண்டும். இதை உங்களுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சலுகை உண்மையிலேயே அந்த அரை நொடியில் நின்றவருக்கு உரியது.

உங்கள் துறை அதை அந்த அரை நொடியில் இல்லாதவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. என் மனத்தாங்கலே அதுதான்.

தூத்துக்குடியையே எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். 144 தடை உத்தரவு இருந்தது. மக்கள் பனிமய மாதா கோயில் பக்கமிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் தடுப்புகள் விழுந்தன, கல்வீச்சு நடந்தது, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. இவை நடக்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. எரித்தவர் மீது வழக்கு நடக்கட்டும். ஆனால் எரிகிற வண்டியைக் காட்டி, அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே இல்லாத ஒருவரின் சாவுக்குக் காரணம் சொல்ல முடியுமா?

அன்று இறந்தவர்களில் ஒருவர் திரேஸ்புரத்தில் சுடப்பட்ட பெண். திரேஸ்புரம் கடலோர மீனவர் பகுதி. ஆட்சியர் அலுவலகம் ஊருக்கு வெளியே கோரம்பள்ளத்தில். இரண்டுக்கும் இடையே ஊரே இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் எரிந்த வண்டி திரேஸ்புரத்துத் தோட்டாவுக்கு எப்படிப் பதிலாகும்? மறுநாள் 23ஆம் தேதி அண்ணாநகரில் இன்னொரு இளைஞர் சுடப்பட்டார். முந்தைய நாளின் கலவரம் மறுநாள் தோட்டாவுக்கு எப்படிப் பதிலாகும்? ஆட்சியர் அலுவலகத்திலேயேகூட, பூங்காவுக்குள் மறைந்து நின்றபடி, ஓடிக்கொண்டிருந்தவர்களைக் காவலர்கள் சுட்டார்கள் என்று ஆணையம் பதிவு செய்திருக்கிறது. மறைந்து நிற்பவருக்கு அந்த நொடியில் என்ன ஆபத்து? முதுகு காட்டி ஓடுகிறவரால் யாருக்கு ஆபத்து? 13 பேரின் பிரேதப் பரிசோதனை விவரங்களைப் பார்த்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்தது என்றும் அவர்களில் பாதிப் பேருக்குப் பின்பக்கமிருந்து பாய்ந்திருந்தது என்றும் 2018 டிசம்பரிலேயே எழுதியது. முழங்காலுக்குக் கீழே குறிபார் என்பது பந்தோபஸ்துக்கு வரும் கடைசிக் காவலர் வரைக்கும் தெரிந்த பாடம்.

மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வேனின் மேல் ஏறிப் படுத்துத் துப்பாக்கியை நீட்டிய காணொளியை ஊரே பார்த்தது. ஏறி, இடம் பார்த்து, படுத்து, குறி வைக்க எத்தனை நொடி ஆகும்? அத்தனை நொடி அவகாசம் இருந்த ஒருவர் அரை நொடிக்காரரின் சலுகையைக் கேட்க முடியாது. ஒரே காவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு 17 ரவுண்டு சுட்டதை ஆணையம் சுட்டிக்காட்டியது. முதல் ரவுண்டு பதற்றத்தில் போயிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இடம் மாறிப் போய்ச் சுட்ட பதினேழாவது ரவுண்டுக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

அதனால்தான் சொல்கிறேன், சம்பவத்தை மொத்தமாக எடைபோடாதீர்கள், ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியே எடைபோடுங்கள். சுட்டவர் யார், எங்கே நின்றார்? அந்த நொடியில் யாருடைய உயிர் போகும் நிலையில் இருந்தது? குறி வைத்தது அந்த ஆபத்தை உண்டாக்கியவரையா, கூட்டத்தில் யாரோ ஒருவரையா? அதற்கு முன் எச்சரிக்கை கேட்கும்படி கொடுக்கப்பட்டதா, புகைக்குண்டும் லத்தியும் உண்மையாகவே முயன்று பார்க்கப்பட்டனவா? ஆபத்து நின்றவுடன் துப்பாக்கியும் நின்றதா? ஒரே தெருவில் ஐந்து நிமிட இடைவெளியில் சுடப்பட்ட இரண்டு தோட்டாக்களில் ஒன்று நியாயமாகவும் மற்றொன்று குற்றமாகவும் இருக்கலாம். நியாயமானதைக் காட்டிக் குற்றமானதைக் காப்பாற்றுவது உண்மையாக ஆபத்தில் நின்ற காவலருக்கே செய்கிற அநியாயம்.

இதில் எதுவும் நானாகச் சொல்கிற புதுச் சட்டமில்லை. கூட்டத்தைக் கலைக்கும்போது இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், இயன்ற அளவு குறைந்த காயமே ஏற்பட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ராணுவத்துக்கே கட்டளை போட்டிருந்தது. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தாலொழிய ஆட்கள் மீது துப்பாக்கி கூடாது என்று 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் சொல்கின்றன. 2016 ஜூலையில், மணிப்பூரில் பாதுகாப்புப் படையினர் சுட்டுக் கொன்றவர்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில்கூட, ஆயுதப் படையாக இருந்தாலும் காவல்துறையாக இருந்தாலும், அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்த முடியாது, அப்படிப் புகார் வந்தால் விசாரித்தே ஆக வேண்டும். மணிப்பூருக்குப் பொருந்துவது தூத்துக்குடிக்குப் பொருந்தாதா?

சட்டம் இருந்தும் ஏன் எதுவும் நடப்பதில்லை என்பதற்கு என் துறையின் பக்கமிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். சுடுவதற்கான ஆணையைப் பற்றியது அது. தூத்துக்குடியில் பதிவான வழக்குகளின்படி ஆணை கொடுத்தவர்களில் ஒருவர் தேர்தல் பணி பார்க்கும் துணை வட்டாட்சியர், ஒருவர் மண்டலத் துணை வட்டாட்சியர், இன்னொருவர் கோட்டக் கலால் அலுவலர். மாவட்ட ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். நூறு நாள் நடந்த போராட்டம், ஆயிரக்கணக்கான மக்கள், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட தேதி. அதற்குப் பொறுப்பான உயர் அதிகாரி வேறு ஊரில். மனித உயிரைப் பற்றிய முடிவு வாக்காளர் பட்டியலும் சாராயக் கணக்கும் பார்க்கிற அலுவலர்களின் கையெழுத்தில். அவர்களை நான் இழிவாகச் சொல்லவில்லை. அவர்கள் என் சகாக்கள். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தவன். காவல்துறையின் அவசரத்துக்கு வெளியே நிற்கிற ஒருவர் நிதானமாக யோசித்து அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் நிர்வாக நடுவரை அங்கே நிறுத்துகிறது. எட்டு மணிக்கு ஆணை கையில் வாங்கி, ஒன்பது மணிக்கு முன்பின் தெரியாத காவல் கண்காணிப்பாளர் பக்கத்தில் போய் நிற்கிற துணை வட்டாட்சியரால் அந்த மறுப்பைச் சொல்ல முடியுமா? வயர்லெஸ்ஸில் என்ன பேசுகிறார்கள் என்றுகூட அவருக்குக் கேட்காது.

கையெழுத்து பிறகு வாங்கப்படும் வழக்கம் உண்டு என்பது வருவாய்த்துறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுத மாட்டார்கள். என்னோடு பணியாற்றிய ஒருவரிடம் ஒரு சம்பவத்துக்குப் பிறகு மாலையில் தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதில் காலை நேரம் போட்டிருந்தது. அவர் போட்டுக் கொடுத்தார். வயிறு குடும்பம் என்று இருக்கிறதே. அந்த ஊரையும் அலுவலகத்தையும் சொல்ல நான் வரவில்லை. அப்படி ஒரு தாளை நீட்டுவதே வேலை போகிற குற்றம் என்று எழுதப்பட்ட விதி ஒன்று இருந்திருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சூடு நடந்து முடிந்ததும் முதலில் பதிவாகும் வழக்கு எது என்று பாருங்கள். சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரைத் தடுத்தது, கொலை முயற்சி என்று கூட்டத்தின் மீதுதான். செத்தவரின் சாவு அந்த வழக்குக்குள் ஒரு வரியாகப் போய்விடும். சுட்டவரின் பெயர் அதில் இருக்காது. சுட்ட துப்பாக்கி அன்றிரவே ஆயுதக் கிடங்குக்குத் திரும்பித் துடைக்கப்பட்டு அடுக்கில் ஏறிவிடும். தெருவில் கிடந்த காலி உறைகள் குப்பையோடு போகும். மாதங்கள் கழித்து ஆணையம் உட்காரும்போது, யார் எந்த இடத்தில் எத்தனை ரவுண்டு சுட்டார் என்பதற்கு ஞாபகம்தான் சாட்சி. பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று, தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாளில், காவல்துறை நடவடிக்கையில் 6 பேர் இறந்தார்கள். விசாரித்த ஆணையம் சூடு நியாயம் என்றது. 2012 செப்டம்பரில் கூடங்குளம் போராட்டத்தின்போது மணப்பாட்டில் ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஒரு தோட்டாவின் கதை முழுதாக ஊருக்குச் சொல்லப்பட்டதா? என்கவுன்டர் சாவுகளில் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், ஆயுதத்தைத் தடய அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் இருக்கின்றன. கூட்டத்தின் மீதான சூட்டுக்கு வரும்போது இவை நினைவுக்கு வருவதேயில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பந்தோபஸ்துக்கு வரும் ஆயுதப்படைக் காவலர் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்காரர். நள்ளிரவில் வேனில் ஏற்றி விடியற்காலையில் இறக்கிவிடுவார்கள். பொட்டலச் சோறு பத்து மணிக்கு வந்தால் உண்டு. கேடயம் எல்லோருக்கும் இருக்காது. யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதே பல நேரம் தெளிவாக இருக்காது. ஒருவர் பின்வாங்கு என்பார், இன்னொருவர் முன்னேறு என்பார். இந்த நிலையில் நிறுத்தியவர்கள் மேலே இருக்கிறார்கள். பணியிடை நீக்க ஆணை வரும்போது மட்டும் அது கீழே இருப்பவர் பெயருக்கு வருகிறது. ஆணையம் சொன்ன பெயர்களில் காவல்துறைத் தலைவர் (ஐ.ஜி.), துணைத் தலைவர் (டி.ஐ.ஜி.), கண்காணிப்பாளர் நிலையிலும் அதிகாரிகள் இருந்தார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்டால் அந்தக் கணக்கு சுட்டவரோடு நிற்காது. அவரை அங்கே நிறுத்தியவர், அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தவர், சுடு என்றவர் வரைக்கும் போகும். சாதாரணக் காவலருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கி பயன்படுத்துவது பற்றிய காவல் நிலை ஆணைகளை (போலீஸ் ஸ்டாண்டிங் ஆர்டர்கள்) தமிழில், எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். பந்தோபஸ்துக்குப் போகிற ஒவ்வொரு காவலரும் ஒவ்வொரு நிர்வாக நடுவரும் அதைப் படித்துக் கையொப்பமிட்ட பிறகே களத்துக்குப் போக வேண்டும். துணை வட்டாட்சியர்களுக்கு ஆண்டுதோறும் காவலர்களோடு சேர்ந்தே பயிற்சி கொடுங்கள்.

ஆயுதக் கிடங்கிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு துப்பாக்கியும் எண்ணோடு, வாங்குபவரின் பெயரோடு, தோட்டா எண்ணிக்கையோடு பதிவாகட்டும். சூடு நடந்தால் அன்றே, திரும்பி வந்த தோட்டாக்களும் காலி உறைகளும் நீதித்துறை நடுவர் ஒருவர் முன்னால் எண்ணப்பட்டு முத்திரையிடப்படட்டும். சுட்ட துப்பாக்கிகள் துடைக்கப்படாமல் நேராகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகட்டும். சுட்டவர்கள் ஒவ்வொருவரும், ஒருவரோடொருவர் கலந்து பேசும் முன், தாம் பார்த்ததையும் செய்ததையும் 24 மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்கட்டும்.

சுடும் ஆணை நேரத்தோடு குரல்பதிவாக இருக்க வேண்டும். நிர்வாக நடுவருக்கு வயர்லெஸ் கொடுங்கள். சம்பவத்துக்குப் பிறகு, முன் தேதியோ முன் நேரமோ போட்ட ஆணையில் கையெழுத்துக் கேட்பதும் போடுவதும் பணிநீக்கத்துக்கு உரிய ஒழுங்கீனம் என்று நடத்தை விதிகளில் சேருங்கள். முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பெரிய போராட்ட நாளில் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தலைமையிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

தெருக்களில் கூட்டத்துக்கு எதிராக எஸ்.எல்.ஆர். (தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ராணுவ ரகத் துப்பாக்கி) போன்ற துப்பாக்கிகளைக் கொண்டுபோவதை நிறுத்துங்கள். அவை போர்க்களத்துக்குச் செய்யப்பட்டவை. ஒருவர் உடலைத் துளைத்துப் போன குண்டு அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காது. சீருடையில்லாதவர் கையில் துப்பாக்கி, மறைவிடத்திலிருந்து சூடு இரண்டையும் எழுத்தில் தடை செய்யுங்கள். துப்பாக்கியோடு போகும் ஒவ்வொரு படையோடும் ஆம்புலன்ஸ் போகட்டும்.

காவல்துறை சூட்டில் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் தனி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யுங்கள். அந்த மாவட்டக் காவல்துறை விசாரிக்கக் கூடாது. பிரேதப் பரிசோதனையை வெளி மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், குடும்பத்தினர் சொல்லும் ஒரு மருத்துவர் முன்னிலையில், ஒளிப்பதிவோடு செய்யட்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 151ஆம் பிரிவு, அரசின் அனுமதியில்லாமல் இத்தகைய அதிகாரிகள் மீது வழக்கு நடத்த முடியாது என்கிறது. நல்லெண்ணத்தோடு கடமை செய்தவரைக் காக்க வந்த பிரிவு அது. அனுமதி கேட்டுக் கோப்பு வந்தால் 90 நாளுக்குள் கொடுங்கள் அல்லது காரணம் எழுதி மறுத்து, அந்தக் காரணத்தை வெளியிடுங்கள். கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் உரிமையை அந்தப் பிரிவு யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசியாக, தூத்துக்குடி. அருணா ஜெகதீசன் ஆணையம் பெயர் சொன்ன காவல்துறையினர் 17 பேர், அன்றைய மாவட்ட ஆட்சியர், வருவாய்த்துறை அலுவலர்கள் ஆகிய ஒவ்வொருவர் மீதும் இன்றுவரை என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, யாருக்குப் பதவி உயர்வு கொடுக்கப்பட்டது, யார் ஓய்வு பெற்றார், எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பெயர்வாரியாக அடுத்த சட்டப்பேரவைக் கூட்டத்தொடருக்கு முன் வெளியிடுங்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு ஆணையம் பரிந்துரைத்த 50 லட்சம் ரூபாயில் இன்னும் கொடுக்கப்படாத பங்கைக் கொடுத்து முடியுங்கள். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும், தங்கள் வீட்டு ஆளைச் சுட்ட தோட்டா யார் கையிலிருந்து, எந்த இடத்திலிருந்து, யார் ஆணையின் பேரில் வந்தது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வட்டாட்சியர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்